பூண்டு மணக்கும் சுவர்

தராசு தன் அக்காவுக்கு நாலு தங்க வளையல் கடன்பட்டவர். இதை அவரே ஊரறியச் சொல்வார். ஒளிவு மறைவு கிடையாது. "கடன் வாங்கினவன் தலை குனிஞ்சு நடக்கணும்னு எவன் சொன்னது? திருப்பிக் கொடுக்கப்போறவன் எதுக்குக் குனியணும்?" என்று மார்தட்டுவார். ஆனால் அக்கா வீட்டுப் படியேறும்போது மட்டும் அவர் கழுத்து தானாக மடங்கும். நிலைப்படி தாழ்வு என்று சாக்குச் சொல்வார். அவரைவிட ஒரு சாண் உயரமான ஆட்கள் அந்த நிலைப்படியில் இடிக்காமல் நுழைந்திருக்கிறார்கள்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் வைத்த பெயர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர் அவர். கையெழுத்துப் போட மட்டும் பிறகு கற்றுக்கொண்டார். ஆனால் ஒரு கல்லைக் கையில் வாங்கினால் போதும், அதன் எடையைச் சொல்லிவிடுவார். இரும்புத் தராசில் வைத்துப் பார்த்தால், அந்த இரும்புதான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பட்டம் வாங்கினவர்கள் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்தக் கையை அவர்களால் வாங்க முடியுமா?

ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மலை என்றால் வானத்தை முட்டும் மலை அல்ல. படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி ஒரு மேடு. அந்தக் காலத்தில் அங்கே கிணறு தோண்டப்போன ஒருவர் தண்ணீருக்குப் பதில் ஒரு வெள்ளைக் கல்லைக் கண்டார். பால் உறைந்த மாதிரி வெண்மை. அதற்குள்ளே கடுகைவிடச் சிறிதாக ஒரு மஞ்சள் பொட்டு. அவ்வளவுதான். கம்பெனி வந்தது, இறங்கு குழி வந்தது, குழிக்கு மேலே இரும்புச் சக்கரம் வந்தது, மலையடிவாரத்தில் தெரு வந்தது. கல்லை இடிக்க ஐந்து இரும்பு உலக்கைகள் ராப்பகலாக ஏறி இறங்கின. தொம் தொம் என்று அந்தச் சத்தத்தில்தான் தெருவே தூங்கியது. இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டால் தொட்டில் குழந்தைகள் வீல் என்று எழும். தாய்மார்கள், "சீக்கிரம் ஓட்டுங்கப்பா, பிள்ளை முழிச்சிக்கிச்சு" என்று ஆள் அனுப்புவார்கள். இது கதையல்ல. தராசின் மகளே அப்படி எழுந்த குழந்தைதான்.

குழியிலிருந்து தள்ளுவண்டியில் வரும் கல்லை நீண்ட இரும்பு மேசைமேல் கொட்டித் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஈரத்தில் கல்லின் நிறம் பளிச்சென்று தெரியும். மேசையின் தலைமாட்டில் தராசு நிற்பார். வெள்ளைக் கல் உயிர்க்கல். அது வலக்கையால் உலக்கைக்குப் போகும். பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடும் அந்த வெள்ளைக் கல்லை ஒட்டி வரும் கறுப்புக் கல் செத்தகல். அது இடக்கையால் குப்பைமேட்டுக்குப் போகும். செத்தகல்லில் வெள்ளி ஊசிகளைத் தூவினாற்போல் ஒரு மினுக்கம் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். "மினுக்குறதெல்லாம் மஞ்சளா? போடு வெளியே" என்று தராசு அதட்டுவார். ஒருமுறை மானேஜர், பொட்டு வைத்த ஒரே ஒரு கல்லைக் குப்பைக்குள் ஒளித்துவைத்து அவரைச் சோதித்துப் பார்த்தார். தராசு பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை. அதை எடுத்து மானேஜர் கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டியைக் கொட்டச் சொன்னார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே வாக்கியம்: "என் கண்ணைத் தாண்டி ஒரு பொட்டுத் தங்கம் வெளியே போனதில்ல."

கல்யாணமான புதிதில் அவருக்கு வீடு கட்டும் ஆசை வந்தது. செத்தகல்லை வேலையாட்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. தெரு முழுக்க அந்தக் கறுப்புக் கல்லில் எழுந்த வீடுகள்தான். சுவருக்குக் காசு இல்லை. மனைக்கும் கூரைக்கும்தான் வேண்டும். அவர் கேட்டதும் அக்கா சோப்பு போட்டுக் கையை வழுக்கவைத்து நாலு வளையலையும் கழற்றினாள். "மழைக்கு முன்னாடி கொடுத்துடறேன்க்கா" என்றார் தராசு. "எந்த மழைன்னு சொல்லலையே" என்று சிரித்தாள் அக்கா.

எந்த மழையும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த வருஷமே வெள்ளை நரம்பு மெலிய ஆரம்பித்தது. முழம் அகலம் இருந்தது சாண் ஆனது, சாண் விரல் ஆனது, பிறகு நூல் ஆனது, ஒருநாள் கறுப்புப் பாறைக்குள் காணாமலே போனது. கம்பெனி கதவைச் சாத்தியது. தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்தினார்கள். உலக்கைகள் நின்ற அன்று தெருவில் ஒருவரும் கண்மூடவில்லை. பெரியவர்களே எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள் மாதிரி.

பலர் மூட்டை கட்டினார்கள். தராசு கட்டவில்லை. பம்புக்கொட்டகையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்து, பூட்டி, வாடகைக்கு விட்டார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஒரு வரிசையாயிற்று. யாரிடமும் கைகட்டி நிற்காமல் பஞ்சர் ஒட்டியே மகளை நர்ஸ் படிப்புப் படிக்கவைத்தார். சும்மா வருமா இதெல்லாம்! ஆனால் வளையலுக்கு என்று ஒதுக்கும் பணம் மட்டும் ஒதுக்கின இடத்தில் இருப்பதில்லை. ஒரு வருஷம் மகளின் படிப்பு, ஒரு வருஷம் மனைவியின் வயிற்று ஆபரேஷன், ஒரு வருஷம் கூரைக்கே மறு ஓடு. இதற்குள் தங்கம் விலை ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தது. இவர் ஒரு படி ஏறினால் அது நாலு படி ஏறியது.

அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர் கொடுக்கும்போது அவள் கை நீளும். வெறும் மணிக்கட்டு. தராசு டம்ளரை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சேதி வந்தது. அக்காவின் மகன் கடல் தாண்டிய ஊரில் வேலை பார்க்கிறான். அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துக்கொள்ளப் போகிறானாம்.

"மழைக்கு முன்னாடி கிளம்பறேன்டா தம்பி," என்றாள் அக்கா. "அங்க குளிராம். உன் மருமகன் கம்பளிச் சட்டை வாங்கி வச்சிருக்கானாம். என்னைக் கரடியாட்டம் ஆக்கப்போறான்."

"திரும்பி வருவ இல்ல?"

"இந்த முட்டியை வச்சிக்கிட்டா? ஏறின பிளேன்ல இறங்கறதே பெரிய விஷயம்."

தராசு சிரித்தார். வெளியே வந்து சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார். அக்கா வெறுங்கையோடு கடல் தாண்டிப் போய்விட்டால் பிறகு இந்தக் கடனை எந்தக் கையில் கொண்டுபோய் வைப்பது? வாடகைச் சைக்கிள் எல்லாவற்றையும் விற்றாலும் ஒரு வளையல் தேறாது. யார் இப்போது சைக்கிள் வாங்குகிறார்கள்?

அந்த வாரம்தான் தெருவுக்குள் சுத்தியலோடு ஒரு பெண் வந்தாள். கல்லைப் படித்தவள். புதுக் கம்பெனி ஒன்று பழைய குப்பைமேட்டைச் சோதித்துப் பார்க்க அனுப்பியிருந்தது. தொப்பி, தோள்பை, முழங்கால்வரை புழுதி. மேட்டிலிருந்து இறங்கி வந்தவள் தராசு வீட்டுப் பின்சுவரின் முன்னால் நின்றாள். நகரவில்லை.

"ஐயா, இந்தச் சுவரை லேசா ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமா?"

"தட்டும்மா. உன் சுத்தியல் உடையும், சுவர் உடையாது. நான் பொறுக்கின கல்லு."

அவள் ஓர் ஓரத்தில் டக்கென்று அடித்தாள். பூண்டு உரித்த மாதிரி ஒரு வாசனை எழுந்து பரவியது.

"பூண்டு வாசனைதானே?" என்றாள் உள்ளேயிருந்து தராசின் மனைவி. "எங்க வீட்ல எப்பவும் அப்படித்தாம்மா. காலண்டர் மாட்ட ஆணி அடிச்சாலும் அடிக்கும். முதல்ல எல்லாம் நான் சமையலறைக்கு ஓடுவேன், அடுப்புல என்ன கருகுதுன்னு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. விழுந்த சில்லை எடுத்துப் பையில் கட்டினாள். போகுமுன் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி மலையைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதைத் தராசு பிறகு பலநாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ஐயா, மனுஷன்னு ஒருத்தன் வர்றதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, இந்த இடத்துல பூமிக்குள்ள ஆழத்துல ஒரு விரிசல் விட்டிருக்கு. அதுல கீழேருந்து வெந்நீர் ஏறி வந்திருக்கு. அந்தத் தண்ணியில தங்கம் கரைஞ்சிருந்தது. சர்க்கரை கரையற மாதிரி. தண்ணி ஆறி வெள்ளைக் கல்லா உறைஞ்சப்ப, கொஞ்சம் தங்கம் அதுல நின்னுடுச்சு. மிச்சம் பக்கத்துல இருந்த கறுப்புப் பாறைக்குள்ள நுழைஞ்சிடுச்சு. அந்த வெள்ளி ஊசிகளுக்குள்ள. கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடிக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் தராசு.

"சோதனைக்கு அனுப்பறேன். பார்க்கலாம்."

தெருவில் மற்றச் சுவர்களிலும் சில்லு எடுத்து அவள் அனுப்பிய சோதனையின் முடிவு வந்தது. அவளே நேரில் வந்து சொன்னாள். குப்பைமேட்டில் தங்கம் இருக்கிறது. தெருவிலுள்ள சுவர்களில் அதைவிட அதிகம். எல்லாவற்றிலும் அதிகம் தராசு வீட்டுப் பின்சுவரில். "யார் ஐயா இந்தக் கல்லையெல்லாம் தேடிப் பொறுக்கினது? ஒவ்வொண்ணும் அவ்வளவு கனம்! அந்த ஊசி அதிகமா இருந்தாத்தான் கல்லு இப்படிக் கனக்கும்."

கனமான கல் நின்றால் சுவர் நிற்கும் என்று மேட்டில் ஒவ்வொரு கல்லாகக் கையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கியவர் தராசேதான்.

கம்பெனி லாரிக் கணக்கில் கல்லை வாங்கிக்கொள்ளும், சுவர்க்கல்லானாலும் சரி என்றாள் அவள். அந்தக் காலத்து உலக்கையால் இந்தத் தங்கத்தைப் பிரிக்கவே முடிந்திருக்காது, யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னாள். அது தராசின் காதில் ஏறவில்லை. வலக்கைக் கல்லைவிட இடக்கைக் கல்லில் தங்கம் அதிகம். அவர் காதில் ஏறியது அது ஒன்றுதான்.

தெரு சும்மா இருக்குமா? மறுநாள் பஞ்சர் ஒட்ட வந்தவன், "என்ன தராசு, உங்க கண்ணைத் தாண்டி ஒரு பொட்டும் போகலையாமே? சுவரே போயிருக்கே!" என்றான். எதிர்வீட்டு ஓட்டுநர், "வெண்ணெயைக் கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சவங்க நாம மட்டும்தான்" என்று பொதுவாகச் சொன்னார். அதுவும் தராசுக்குத் தன்னைச் சொன்னதாகவே பட்டது. பஞ்சர் ஒட்ட வந்தவனிடம் காசு கேட்காமலே டியூபை ஒட்டிக் கையில் கொடுத்துத் துரத்தினார்.

சுத்தியல்காரி மறுபடியும் வந்தபோது கதவைத் திறக்கவில்லை. "என் வீடு விலைக்கு இல்லைன்னு சொல்லு" என்றார் மனைவியிடம்.

"வீட்டைக் கேட்கலைங்க. ஒரு சுவரைத்தான் கேட்கறாங்க."

"சுவரை வித்தா என்ன அர்த்தம் தெரியுமா? நான் ஆயுசு பூராவும் குருட்டுப் பயலா நின்னேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற மாதிரி."

"அக்கா வளையல்?"

தராசு செருப்பைக்கூடப் போடாமல் மலைப்பக்கம் நடந்தார்.

மதியம் தாண்டி லேசாக மூடுபனி மாதிரி ஒரு தூறல். குழியைச் சுற்றிப் போட்டிருந்த வேலி துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. இரும்புச் சக்கரத்தில் கொடி ஏறிப் பூத்திருந்தது. குழி நிரம்பிக் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அதற்குள் வானமும் சக்கரமும் தலைகீழாகத் தொங்கின. தராசு விளிம்புக்குத் தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். கீழே, தண்ணீருக்கும் கீழே, அவருடைய ஆட்கள் நடந்த வழிகள் எல்லாம் அப்படியே இருக்கும். தள்ளுவண்டித் தண்டவாளம், மரக்கால்கள், யாரோ மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கு. எல்லாம் நனைந்து, அசையாமல். அந்த வழிகளின் இருபுறமும் கறுப்புப் பாறை. அதற்குள் வெள்ளி ஊசிகள். ஊசிகளுக்குள், யாரும் பார்க்காத இருட்டில், தங்கம். பார்க்க ஆள் இல்லாதபோதும் இருந்தது. பார்க்க அவர் இருந்தபோதும் இருந்தது. அதற்கு அவர் கண்ணைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

எங்கிருந்தோ தொம் தொம் என்று கேட்டது. உலக்கைதான். ஒரு கணம் அவர் உடம்பே அந்தத் தாளத்தில் ஆடியது, கண் சொக்கியது. மேசை நனைகிறது, கல் மின்னுகிறது, வலக்கை, இடக்கை, வலக்கை, இடக்கை. இடக்கை வழியே போன கற்கள் எல்லாம் வரிசையாக மலையிறங்கி நடந்துபோய் அவர் வீட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. "நீதானே எங்களைத் தூக்கிப் பார்த்துக் கூட்டிட்டு வந்தே" என்கின்றன.

விழித்தபோது தூறல் நின்றிருந்தது. தொம் தொம் என்பது சாய்ந்த வேலிக்கம்பி சக்கரத்தில் இடிக்கும் சத்தம். காலடியில் கிடந்த கறுப்புக் கல்லை எடுத்தார். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையில் தூக்கினார். அந்தக் கனம், அந்தக் குளிர்ச்சி. இந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கண்தான் இதன் பேச்சைக் கேட்கவில்லை. தராசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழிக்கு எதிரே தனியாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தார்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"பின்பக்கம். சாமானையெல்லாம் முன் ரூமுக்கு நகர்த்து. சுத்தியல் பொண்ணுக்குச் சொல்லி அனுப்பு."

சுத்தியல்காரி வந்தவுடன் முதலில் திட்டினாள். அந்தத் தாதுவில் விஷம் கலந்திருக்கிறது, தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, கல்லை நனைத்துத்தான் தொட வேண்டும் என்று சொல்லி, அவர் மூக்கைத் துணியால் இறுகக் கட்டினாள். கைக்கு உறை மாட்டச் சொன்னாள்.

"மூக்கைக் கட்டிட்ட, சரி. கையையும் கட்டிட்டா நான் எப்படி எடை பார்க்கறது?"

"எடை பார்க்க லாரி நிறுத்தத்துல மெஷின் இருக்கு, ஐயா."

"மெஷின் கிடக்கட்டும். நான் சொல்றேன், அப்புறம் மெஷின் சொல்லட்டும்."

கூரைக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கல்லாக இறக்கினார். தண்ணீர் ஊற்றி நனைத்தார். உறை போட்ட கையால் ஏந்தி, ஒரு நொடி நிறுத்தி, கனமானதை வலப்பக்கமும் இலேசானதை இடப்பக்கமும் வைத்தார். கேலி பேச வந்த ஓட்டுநர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் தானே இரண்டு வாளி தண்ணீர் சுமந்தார்.

"இடப்பக்கத்தையும் ஏத்திடலாமே, தராசு?"

"குப்பையை ஏத்தி என் பேரைக் கெடுக்கச் சொல்றியா?"

இரண்டு குவியலிலும் சில்லு எடுத்துச் சோதித்தார்கள். அவர் ஒதுக்கிய இடப்பக்கக் கல்லில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. வலப்பக்கக் கல்லை ஏற்றிய லாரியின் எடையும் அவர் சொன்ன எடையும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. முடிவு தெரிந்த அன்று மாலையே தராசின் வாயில் புது வாக்கியம் கிளம்பிவிட்டது: "கண்ணை விடு, யார் கண்ணும் ஏமாறும். என் கை ஒரு தரமும் ஏமாந்ததில்ல." பஞ்சர் ஒட்ட வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

கம்பெனி பணம் கொடுத்த மறுநாள் அக்கா விடைபெற வந்தாள். பின்னறையில் சுவர் இருந்த இடத்தில் தகரம் வரவேண்டியது இன்னும் வரவில்லை. மனைவியின் பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கியது. காற்றில் அது விலகும்போதெல்லாம் எருமை முதுகு மலை முழுதாக உள்ளே வந்தது. அறையே மலைச்சரிவில் மிதப்பது போலிருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு அழகான இடத்துக்குக் குறுக்கே எதுக்குடா சுவரைக் கட்டினே?"

"அன்னிக்கு உன் வளையல்ல கூரை போட்டேன். கூரை நிக்கச் சுவர் வேணுமே."

"மத்த மூணு சுவரையும் விக்கலையா?"

"வீடுன்னு சொல்லிக்க ஏதாவது மிச்சம் வேணாமா?" தராசு பணக்கட்டை எடுத்தார். "அக்கா, வளையலாவே வாங்கிடலாம்னு பார்த்தேன். கடையில கையளவு கேட்டாங்க. எனக்குத் தெரியல."

"நல்லவேளை. என் கை இப்ப குச்சி. வளையல் போட்டா முழங்கைக்குப் போய் நிக்கும். காசாவே கொடு. அந்தக் குளிருக்கு நானே போய் நல்லதா ஒரு சால்வை வாங்கறேன். கரடிச் சட்டை எனக்கு வேணாம்."

"நாலு வளையல், இன்னிக்கு விலைக்கு. ஒரு காசு குறையாது. எண்ணிக் கொடுக்கறேன், கையை நீட்டு."

அக்கா கையை நீட்டினாள். வெறும் மணிக்கட்டு. தராசு முதல்முறையாக அதை நேராகப் பார்த்தார். எண்ண ஆரம்பித்தார். பாதியில் அக்கா, "உலக்கை நின்ன அன்னிக்கு உன் பொண்ணு என் மடியிலதான் கிடந்தா. விடியறவரைக்கும் கண்ணைக் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு" என்றாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "ஏன்டா, அங்க அந்த ஊர்ல மலை இருக்குமாடா?" என்றாள். மறுபடி தப்பியது.

"நீ பேசாம இருந்தாத்தான் நான் எண்ண முடியும்."

"கையில தூக்கிப் பார்த்தே சொல்லிடுவியே, பெரிய தராசு!"

"தூக்கிப் பார்த்துச் சொல்ற கணக்கு இல்லக்கா இது."

அக்கா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரை விலகியது, மலை வந்தது, திரை விழுந்தது. தராசு ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தார். கட்டு கனக்கக் கனக்க அந்தக் கை லேசாகத் தாழ்ந்தது. அவர் தன் இடக்கையைக் கொண்டுபோய் அதற்கு அடியில் ஏந்திக்கொண்டு, கடைசி நோட்டையும் எண்ணி வைத்தார்.